கேள்விக்குறியா வர்ற பேருக்கு ஃபான்ட் காரணம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இன்சூரன்ஸ் கார்டுல தன்னோட தமிழ்ப் பேரு வெறும் கேள்விக்குறியா வந்திருக்கு, போய்க் கேட்டா ஃபான்ட் பிரச்சனைன்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னு ஒரு வாசகர் போன வாரம் எழுதியிருந்தாரு. டேட்டாபேஸ்தான் எனக்கு சோறு போடுது, அந்த உரிமையில சொல்றேன், அது ஃபான்ட் பிரச்சனையே இல்லீங்க. ஃபான்ட் இல்லேன்னா கட்டம் கட்டமாத்தான் தெரியும், உள்ள டேட்டா பத்திரமா இருக்கும். சம்பந்தமே இல்லாத லத்தீன் எழுத்தா குப்பையா வந்தா என்கோடிங் (எழுத்த நம்பரா மாத்தி வைக்கிற முறை) மாறிப் படிக்குது, பெரும்பாலும் மீட்டுடலாம். ஆனா கேள்விக்குறின்னா அனேகமா சேவ் ஆகும்போதே எழுத்து போயாச்சு, பேக்கப்ப தோண்டினாலும் அதே கேள்விக்குறிதான் வரும், கார்ட மறுபடி பிரின்ட் எடுத்து பிரயோஜனம் இல்ல, டேபிள சரி பண்ணிட்டு பேர புதுசா என்ட்ரி போடணும்.

மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ்ல, வார்கேர்ங்கற சாதா எழுத்து ஃபீல்டுல தமிழப் போட்டா இந்த கதிதான். 2019 வெர்ஷன்ல வந்த யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் சேவ் பண்ற என்கோடிங்) கொலேஷன், அதாவது எழுத்து, அகர வரிசைக்கான செட்டிங், வச்சிருந்தா தப்பிக்கலாம், இல்லேன்னா யூனிகோட் (உலக மொழி எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்குற தரம்) தாங்குற என்வார்கேர் ஃபீல்டுதான். அதோட க்வெரியில (டேட்டாபேஸுக்கு குடுக்குற கட்டளை) நேரடியா எழுதுற தமிழுக்கு முன்னாடி, கோட்டேஷனுக்கு வெளிய, என்-னு ஒரு ஆங்கில எழுத்து போடணும், அத விட்டுட்டு ஃபீல்டு சரியாத்தானே இருக்குன்னு ராத்திரி பூரா முழிக்கிற பசங்கள நிறைய பாத்தாச்சு.

ஆரக்கிள் டேட்டாபேஸ்ல வேற கூத்து. அங்க எழுத்து ஃபீல்டான வார்கேர்2ல 30னு போட்டா டீஃபால்ட்டா அது 30 பைட் (மெமரி அளவு), 30 எழுத்து இல்ல. தமிழ்ச்செல்விங்கற பேரு நமக்கு 7 எழுத்து, யூனிகோட்ல புள்ளி கொம்பு எல்லாத்தையும் தனியா எண்ணினா 13, ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல 3 பைட், ஆக மொத்தம் 39, உடனே இடம் பத்தலன்னு ஓஆர்ஏ-12899 எர்ரர். 30க்கு பக்கத்துல கேர்னு சேர்த்தா தீர்ந்துச்சு. (இதுக்காக பேரையே சுருக்கிக்கச் சொன்ன ஆபீஸும் உண்டு!)

மைஎஸ்க்யூஎல்ங்கற இன்னொரு டேட்டாபேஸோட பழைய யூடிஎஃப்8 செட்டிங், ஒரு குறிக்கு 3 பைட் வரைக்கும்தான் தாங்கும், தமிழ் அதுல அடங்கிடும், அதனால டெஸ்டிங்ல ஒண்ணும் தெரியாது, எவனாவது 4 பைட் எமோஜி போட்டாத்தான் மாட்டும். 2019ல யூனிகோட்ல சேர்த்த பழைய தமிழ் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் வேணும். 8.0 வெர்ஷன்ல, 4 பைட்டும் தாங்குற யூடிஎஃப்8எம்பி4 டீஃபால்ட் ஆயிடுச்சு, ஆனா அப்கிரேடு பண்ணி கொண்டு வந்த டேபிள் தானா மாறாது. 8.0க்கான சப்போர்ட்டுக்கு, மைஎஸ்க்யூஎல்லையும் வச்சிருக்குற ஆரக்கிள் கம்பெனி வச்ச கெடு 2026 ஏப்ரல், எப்படியும் 8.4க்கு போகணும், அந்த சாக்குல இதையும் மாத்திடுங்க.

இன்னொண்ணு, கோபால்ங்கறதுல வர்ற ஓகாரத்த ஒரே குறியாவும் சேவ் பண்ணலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் பண்ணலாம், ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், டேட்டாபேஸுக்கு பெரும்பாலும் ரெண்டு வேற ஆளு, ஒரே பேரு ரெண்டு தடவ வராம தடுக்கிற யூனிக் இண்டெக்ஸும் ஏமாந்துடும். உள்ள வரும்போதே என்எஃப்சிக்கு (பிரிச்சு வச்சத ஒரே குறியா சேர்க்கிற யூனிகோட் வடிவம்) மாத்திடணும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 13ம் வெர்ஷன்லேருந்து நார்மலைஸ்னு ஃபங்ஷனே இருக்கு. அகர வரிசையும் அப்படித்தான், யூனிகோட் நம்பர்படி அடுக்கினா ஜெயா ஞானத்துக்கு முன்னாடி வந்து நிக்கும், ஐசியுங்கற யூனிகோட் லைப்ரரியோட தமிழ் கொலேஷன் போட்டாத்தான் கடைசிக்குப் போகும்.

உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல வாராவாரம் புது போன் ரிவ்யூவே வருது, நடுவுல ஒரு வாரம் இதுக்கும் இடம் குடுங்க சார்.

- ஒரு டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி), மதுரை