தங்கச்சியின் காந்த சிகிச்சை

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் காவடி வேலை தொடங்கிவிட்டது என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சி எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். மனச்சோர்வுக்குத் தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் இந்தச் சிகிச்சைக்கு வாரத்தில் 5 நாள், 6 வாரம் விடாமல் போக வேண்டும். டர்பனிலிருந்து வந்து போவது நடக்காது.

அம்மா பயப்படுவது போல இது கரண்ட் ஷாக் இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் இல்லை. நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பாள். இடது முன்தலையில் எட்டு வடிவக் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, வைப்பார்கள். அதன் காந்தத் துடிப்பு மண்டை ஓட்டைத் தாண்டி, 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நரம்பைத் தூண்டும். சத்தம் படபடவென்று கேட்கும், காதடைப்பான் கட்டாயம்.

முதல் நாள்தான் முக்கியம். காயிலை மெல்ல நகர்த்தி, வலது கட்டைவிரல் 10 துடிப்புக்கு 5 தடவையாவது அசைகிற குறைந்தபட்ச சக்தியைத் தேடுவார்கள். வழக்கமாக அதில் 120 சதவீதம் வைத்துத்தான் சிகிச்சை. கை மடியில் தளர்வாகக் கிடக்க வேண்டும். விரலை இறுக்கிக்கொண்டால் குறைந்த சக்தியிலேயே அசைந்துவிடும். அளவு குறைவாகப் பதிந்து, 6 வாரமும் வலுவில்லாத சிகிச்சையாகப் போகும். நடுவில் மாத்திரை மாறினால் மறுபடி அளக்கச் சொல்.

காயில் வைக்கும் இடத்தை எப்படிக் குறிக்கிறார்கள் என்றும் கேள். விரல் அசைந்த இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் என்பது பழைய கணக்கு. பலருக்கு அது சரியான இடத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். தலைச் சுற்றளவு, காதுக்குக் காது, மூக்கிலிருந்து பிடரி என்று அளந்து குறிப்பது மேல். பாதியில் கண்ணயர்ந்து தலை சாய்ந்தாலும் காயில் விலகும்.

10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 துடிப்பு) முறையில் 4 நொடி துடிப்பு, 26 நொடி ஓய்வு. 3000 துடிப்பு முடிய 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். துடிப்பைக் கொத்துக் கொத்தாக வேகமாகக் கொடுக்கும் தீட்டா பர்ஸ்ட் முறை என்றால் 600 துடிப்பு, 3 நிமிடம்தான். ஏமாற்றுகிறார்களோ என்று நினைக்காதே: 2018இல் வெளியான கனடா ஆய்வில் அதன் பலன் மற்றதற்குக் குறையவில்லை.

முதல் வாரம் தலைவலி, தலைத்தோலில் எரிச்சல் இருக்கலாம். பெரும்பாலும் தானே குறையும். வலிப்பு மிக அபூர்வம், ஆனால் தூக்கம் கெட்டால் ஆபத்து கூடும். அதனால் இந்த வருஷம் அவளுக்குக் காவடி விரதமும் வேண்டாம், கோவிலில் இரவு கண்விழிப்பும் வேண்டாம். அம்மாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரையான பியூப்ரோப்பியான், தூக்க மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. தானாக நிறுத்தவும் கூடாது. தலைக்குள் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, பேஸ்மேக்கர் ஏதாவது இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

2 வாரம் ஆகியும் மாற்றமில்லை என்று அவள் நிறுத்தப் பார்ப்பாள். பலருக்கு 3, 4 வாரத்துக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் மறுநாள் சிகிச்சைக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போவோம்.

மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) முன்அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு டிக்கெட் எடு. பஸ்ஸா, ப்ளேனா என்று எழுது, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி