அட்டைக்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகை வேலையை விட்டதைவிட, விட்ட கையோடு ஒரு சிறுகதைத் தொகுப்பை வடிவமைக்க ஒப்புக்கொண்டாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஓய்வு எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் நம்பியிருக்க மாட்டேன். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. எனக்குக் கண்ணாடி இரண்டாகிவிட்டது. திரைக்கு ஒன்று, மெய்ப்புத் தாளுக்கு ஒன்று. தேடும்போது இரண்டுமே வேறு அறையில் இருக்கும்.

அட்டை மாதிரிகளைப் பார்த்தேன். நிறங்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் இவ்வளவு நீளக் கடிதத்தில் உள்பக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? வாசகன் அட்டையைச் சில நொடி பார்ப்பான். அப்புறம் மணிக்கணக்காக அவன் இருக்கப்போவது உள்ளேதான். முதலில் உள்பக்கத்தை முடி, அட்டையை அதிலிருந்து எடு. பதிப்பாளர் அறிவிப்புக்கு அட்டை வேண்டும் என்று அவசரப்படுத்தத்தான் செய்வார், அது அவர் தொழில். முன்பக்கத்தை மட்டும் படமாகக் கொடு. அச்சுக்கான முழு அட்டையை மூடிவிடாதே.

காரணம் முதுகுப் பகுதி, முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவே தாள்களின் கனத்துக்கு ஏற்ப அமையும் பட்டை. பத்திரிகையில் நடுவே கம்பிப் பின் அடித்தோம், முதுகைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே பக்கங்களை 16 பக்க ஃபாரமாக, அதாவது ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கக் கட்டாக, கணக்குப் போட வேண்டும். உன் தொகுப்பு 261 பக்கம் வந்தால், ஒன்று 5 பக்கத்தைக் குறைத்து 256-இல் அடக்கு, இல்லாவிட்டால் 272-க்குப் போ. 272 பக்கம் என்றால் 136 தாள். தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் முதுகு 13.6 மி.மீ. கடைசி நேரத்தில் 0.13 மி.மீ. தாளுக்கு மாறினால் அதுவே 17.7 ஆகிவிடும். போன வருடம் ஒரு பதிப்பகத்தில் அட்டை அச்சான பிறகு தாளை மாற்றினார்கள். முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு பாதி முன்னட்டைக்கு வந்து எட்டிப் பார்த்தது. ஆசிரியர் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார்!

ஓரங்களுக்கு வருகிறேன். ஜெர்மன் புத்தக வடிவமைப்பாளர் யான் சிஹோல்ட் மேல் உனக்கு எப்போதும் ஒரு பக்தி உண்டு. உள், மேல், வெளி, கீழ் ஓரங்களை 2:3:4:6 என்று வைக்கும் அந்த அழகான கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்துவிடாதே. தைத்துக் கட்டி, தட்டையாக விரிந்து கிடக்கும் புத்தகத்துக்கு அது பொருந்தும். பசை போட்டு ஒட்டும் பைண்டிங்கில் புத்தகம் முழுதாக விரியாது, உள் ஓரத்தின் ஒரு பகுதியை முதுகு விழுங்கிவிடும். டெமி அளவில், அதாவது 5.5-க்கு 8.5 அங்குலத்தில், நான் உள்ளே 20 மி.மீ., வெளியே 16 மி.மீ. விடுகிறேன். சிஹோல்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 1947 முதல் 1949 வரை பெங்குவின் பதிப்பகத்தில் இருந்தபோது, அட்டைகளைத் திருத்தியதோடு அவர் நிற்கவில்லை. அச்சகங்கள் எல்லாம் ஒரே மாதிரி எழுத்துக்கோக்க வேண்டும் என்று சில பக்கங்களில் விதிகளை எழுதிக் கொடுத்து, பின்பற்றுகிறார்களா என்று விடாமல் பார்த்துக்கொண்டார். அந்தப் பிடிவாதம்தான் நமக்கு வேண்டியது.

இனி உண்மையான தலைவலி. இந்த ஓரங்கள் போக எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 104 மி.மீ. 11 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் ஒரு வரிக்கு ஐந்தாறு சொல்தான் அடங்கும். 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவே' என்று ஒரு சொல் வந்து, இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மிச்சமிருக்கும் நான்கு சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள். அடுத்தடுத்த வரிகளில் இப்படி ஆனால் பக்கத்தில் வெள்ளை வாய்க்கால் ஓடும். மென்பொருள் அதைச் சரிசெய்ய எழுத்துகளுக்கு நடுவேயும் இடம் விடலாமா என்று கேட்கும். விடவே விடாதே, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். பழைய அச்சுக்கோப்பவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். இடம் தீர்ந்த எழுத்தோடு சொல்லை உடைத்து, இணைப்புக்கோடுகூடப் போடாமல், மிச்சத்தை அடுத்த வரியில் வைத்தார்கள். வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். யாரும் தடுமாறாமல் படித்தார்கள். நானும் நீளச் சொற்களை அப்படித்தான் உடைக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவர் சிவப்பில் வட்டம் போடுவார், பேசிப் புரியவைக்க வேண்டும். சிறுகதைக்கு வலது ஓரத்தைச் சீராக்காமலே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. இதுவரை ஒரு பதிப்பாளரும் சேரவில்லை.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். 'ணி', 'கீ' மேலே வளைகின்றன. 'ழு', 'கூ' கீழே இறங்குகின்றன. 11 புள்ளி எழுத்துக்கு, வரிக்கு வரி 16 புள்ளி கொடு. பக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் அதில் கை வைக்காதே, கதைகளை வலது பக்கத்தில்தான் தொடங்குவேன் என்ற பிடிவாதத்தை விட்டுக்கொடு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரை முதலிலேயே தேர்ந்தெடுத்துக்கொள், இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

உன் மாதிரிப் பக்கத்தில் கதையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு வரிக்கு இறக்கியிருந்தாய். 'அ'வில் தொடங்கும் கதைக்கு அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த கதை 'கொட்டகை' என்று தொடங்கினால்? கொம்பும் காலுமாக அது பக்கத்தில் கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும். முதல் வரியைக் கொஞ்சம் தடிப்பாக வை, போதும். அதே போல, கடிதப் பகுதிகளுக்காக எழுத்தைச் சாய்த்திருப்பதையும் எடுத்துவிடு. நம் எழுத்துக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது. மென்பொருள் சாய்ப்பது வெறும் சாய்ப்பு. இடது ஓரத்தை உள்ளே தள்ளினாலே வாசகனுக்குப் புரிந்துவிடும்.

கதைகளின் கணினிப் பிரதி யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருக்கிறது என்றாய். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு தேடிப் பார்க்க வேண்டிய இரண்டு: துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்திருக்கும், 'கௌ' என்பதில் 'ள' உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் மாட்டும்.

சரி, உன் அட்டைகள். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. முகத்தை நீ கொடுத்துவிட்டால், எல்லாக் கதையிலும் வாசகனுக்கு அவளே வந்து நிற்பாள். வெறும் எழுத்தோடு இருக்கும் மாதிரிதான் என் தேர்வு, ஆனால் தலைப்பு கணினி எழுத்துருவில் இருப்பது இடிக்கிறது. ஆங்கிலம் போலப் பெரிய எழுத்து நமக்கு இல்லை, அளவும் தடிப்பும் வடிவமும்தான் ஆயுதம். ஓவியர் ஆதிமூலம் கையால் எழுதிய தலைப்புகளை எடுத்துப் பார். படமே தேவைப்படாமல் எழுத்தே அட்டையாகியிருக்கும். உனக்கும் கை இருக்கிறது, பத்திரிகையில் தலைப்புகளைத் தூரிகையால் எழுதியவன்தானே. எழுதி, ஸ்கேன் செய்து, கைபேசியில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார். அப்போதும் படிக்க முடிந்தால் சரி. கறுப்பு அட்டைக்கு மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேலுறை) போடுவதானால் ஒரு மாதிரியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லு. விரல் ரேகை அப்படியே பதியும்.

இப்போதைக்கு ஒரு ஃபாரத்தை மட்டும் சரியான அளவில் தாளில் எடுத்து, ஓரம் வெட்டி, அனுப்பு. பிடிஎஃப் வேண்டாம், திரையில் எல்லாப் பக்கமும் அழகாகத்தான் தெரியும். கூடவே, நீ தேர்ந்தெடுத்த எழுத்துருவுக்கு அச்சு உரிமம் இருக்கிறதா என்றும் எழுது. இல்லாவிட்டால் நோட்டோ செரிஃப் தமிழில் ஒரு பக்கம் வைத்துப் பார், அது இலவசம். முதுகுவலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி