வெடிமருந்து அளக்கும் திருகுக்கு எண் வேண்டும், ஆனால் தராசை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்வதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு விஷயம் வருவதே அபூர்வம். எழுதியவர் பிரஸ் எனப்படும் தோட்டா நிரப்பும் இயந்திரத்தின் கைப்பிடியைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்பதும் தெரிகிறது. ஆனால் கடைசிப் பகுதியில், வெடிமருந்து அளக்கும் பாகத்தில் எண் பொறித்த மைக்ரோமீட்டர் திருகைப் பொருத்திவிட்டால் அப்புறம் எடை பார்க்கவே வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அது தவறு, படிக்கிற ஒருவர் நம்பிச் செய்தால் கை போகக்கூடிய தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோவையில் லேத் பட்டறையில் தொழில் கற்று, இப்போது ஒஹாயோ மாநிலத்தில் கருவிகள் செய்யும் டூல்ரூமில் வேலை பார்க்கிறேன். தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் 1907-இல் இடம் மாறி வந்த கேம்ப் பெர்ரி இந்த மாநிலத்தில்தான், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. இங்கே வந்த பிறகுதான் எனக்கு வட்ட இலக்கைச் சுடும் புல்ஸ்ஐ பிஸ்டல் போட்டி பழக்கமானது. ஒரு முழுப் போட்டி என்றால் மூன்று வகைத் துப்பாக்கி, வகைக்கு 90 தோட்டா, மொத்தம் 270 தோட்டா, 2,700 புள்ளி. அதில் .22 (அங்குலத்தில் விட்டம்) தோட்டாவைத் திரும்ப நிரப்ப வழியில்லை, ஏனென்றால் அதன் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டு வகையையும் பலர் ஒரே .45 பிஸ்டலால் சுட்டுவிடுவார்கள். ஆக ஒரு போட்டிக்கு மட்டும் 180 தோட்டா, பயிற்சி தனி. கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது, கடைத் தோட்டா இந்தப் போட்டிக்கு வேண்டியதைவிடப் பலமாக உதைக்கவும் செய்யும். அதனால் சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து திரும்பத் திரும்ப நிரப்புகிறோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. இந்தியாவில் அப்படியல்ல, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருக்கும் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ளப் படித்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரஸ்ஸின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதில் மருந்து. அதற்குக் கீழே குறுக்காக நகரும் ஒரு பட்டை, பட்டையில் ஒரு குழி. கைப்பிடியை இழுத்தால் பித்தளைக் கூடு மேலே ஏறி முட்டும், பட்டை நகரும், குழியில் நிரம்பியிருந்த மருந்து கூட்டுக்குள் கொட்டும். குழியின் ஒரு பக்கச் சுவரை ஒரு திருகு முன்னும் பின்னும் தள்ளுகிறது. திருகை ஒரு பக்கம் திருப்பினால் குழி பெரிதாகும், மறுபக்கம் திருப்பினால் சிறிதாகும். இந்தப் பாகம் எந்த நேரத்திலும் எடை பார்ப்பதில்லை, இடத்தைத்தான் அளக்கிறது. மளிகைக் கடையில் படியால் அரிசி அளந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், தட்டி அளந்தால் ஒன்று, தட்டாமல் அளந்தால் ஒன்று. ஆனால் தோட்டாவுக்குள் வேலை செய்வது எடை. மருந்தின் எடையை கிரெய்னில் சொல்வார்கள், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். .45-இல் நாங்கள் போடும் இலக்குத் தோட்டாவில் மொத்த மருந்தே ஏறக்குறைய கால் கிராம்தான். அதில் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அது கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான்.

இப்போது அந்தத் திருகு. பல பிரஸ்களில் அது வெறும் அறுகோணத் தலை போல்ட். ஒரு கோடு கிடையாது, ஒரு எண் கிடையாது, எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. புல்ஸ்ஐ சுடுகிறவர்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்பதை வெளியில் இருப்பவர்கள் உணர மாட்டார்கள். 50 கெஜத்தில் நிதானமாகச் சுடும் சுற்றுக்கு ஒரு அளவு, 25 கெஜத்தில் வேகமாகச் சுடும் சுற்றுக்கு அதைவிடக் கொஞ்சம் மெதுவான அளவு, எங்களில் நிறையப் பேர் இப்படி இரண்டு அளவு வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கிரெய்னுக்கும் குறைவு. வெறும் போல்ட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமென்றால் ஸ்பேனரை வைத்துக் கொஞ்சம் திருப்பு, கொட்டு, எடை பார், கூடிவிட்டதா, திரும்பத் திருப்பு, கொட்டு, எடை பார் என்று ஒரு மாலைப்பொழுதில் பாதி போய்விடும். சிலர் போல்ட் தலையில் பெயின்ட் புள்ளி வைத்துச் சமாளிக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு அளவுக்கும் தனியாக ஒரு டூல்ஹெட்டும் (பிரஸ்ஸின் கழற்றி மாட்டும் மேல்தலை) தனியாக ஒரு மருந்தளவியும் வாங்கி, ஒருமுறை சரிசெய்து, அப்புறம் தொடுவதே இல்லை. கையில் காசிருந்தால் அது நல்ல வழிதான்.

ஆனால் மெஷினிஸ்ட் என்ற முறையில் எனக்கு இது ஏற்க முடியாத ஒன்று. மைக்ரோமீட்டர் என்பது என்ன பெரிய புதுமையா? அங்குல மைக்ரோமீட்டரில் ஒரு அங்குலத்துக்கு 40 மரை, ஒரு முழுச் சுற்றுக்கு 25 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உருளையில் ஒரு கோட்டுக்கு ஒரு தௌ. டூல்ரூமில் முதல் வாரமே கையில் கொடுக்கிற சாமான். பட்டையிலிருந்து பழைய போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் மைக்ரோமீட்டர் தலையைப் பூட்டும் கிட் தனியாகக் கிடைக்கிறது, வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம். செய்துவிட்டால் 50 கெஜத்துக்கு இந்த எண், 25 கெஜத்துக்கு இந்த எண் என்று நோட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை நேரே அந்த எண்ணுக்குப் போய் நிற்கலாம். ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் கையால் சுழற்றும் மருந்தளவிக்கு மைக்ரோமீட்டர் திருகு உண்டு. அப்படியிருக்க, இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பிரஸ்ஸில் மொட்டை போல்ட்டை வைத்து விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இது ஆடம்பரச் சாமான் அல்ல, பெட்டிக்குள்ளேயே சேர்ந்து வர வேண்டியது. இந்த அளவுக்கு உங்கள் கட்டுரையாளரோடு எனக்கு முழு உடன்பாடு.

உடன்பாடு முடியும் இடம் அந்த எண்ணின் அர்த்தத்தில். எண் சொல்வது சுவர் எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான். குழியில் எத்தனை கிரெய்ன் விழுந்தது என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. ஒரே பெயர் ஒட்டிய மருந்துதான், ஆனால் டப்பாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் அதன் அடர்த்தி கொஞ்சம் மாறும். ஈரப்பதம் மாறினாலும் மாறும், இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைக்கும் கோடையில் ஏரிக்காற்று வீசும் கராஜுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கவே வேண்டாம். உருண்டை மணியாக இருக்கும் மருந்து ஒழுங்காக விழும், செதில் மருந்து அவ்வளவு சீராக விழாது, குச்சி குச்சியாக இருக்கும் ரைஃபிள் மருந்து குழியின் வாயில் மாட்டிக்கொண்டு வெட்டுப்படும். கைப்பிடியை ஒரே சீராக இழுக்காவிட்டால் குழியில் மருந்து படிவது மாறும். குழாயில் மருந்து குறைந்துகொண்டே வந்தாலும் மாறும்.

திருகிலேயே உள்ள விஷயங்களும் இருக்கின்றன, லேத் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். மரையில் பிளே, அதாவது தளர்வு, இருக்கும். மேலிருந்து இறங்கி ஒரு கோட்டில் நிற்பதும் கீழிருந்து ஏறி அதே கோட்டில் நிற்பதும் ஒன்றல்ல. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்க வேண்டும், தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய்த் திரும்ப வர வேண்டும். அப்புறம் லாக் நட். எண்ணைச் சரியாக வைத்துவிட்டு நட்டை இறுக்கும்போது திருகு இம்மி நகர்ந்துவிடும், கோட்டைப் பார்த்தால் தெரியாது, தராசில் மட்டும்தான் தெரியும். இறுக்கிய பிறகுதான் எடை பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்த எடை கணக்கில் சேராது.

பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் எடை பார்ப்பதில்லையே என்று யாராவது கேட்கலாம், நியாயமான கேள்விதான். மேசையில் ரைஃபிளை வைத்து, ஐந்து குண்டும் ஒரே துளைக்குள் போக வேண்டும் என்று சுடுகிறவர்கள் அவர்கள். ஹோமர் கல்வர் என்பவர் வடிவமைத்த, கிளிக் கிளிக்கென்று நின்று நகரும் திருகு அவர்களிடம் ரொம்பப் பிரபலம். அளவைக் கிரெய்னில் சொல்லாமல் இத்தனை கிளிக் என்றே பேசிக்கொள்வார்கள். போட்டி மைதானத்திலேயே உட்கார்ந்து, வெயில் ஏற ஏற ஒரு கிளிக் ஏற்றி இறக்கி நிரப்புவார்கள். ஆனால் கவனியுங்கள், அவர்கள் ஒவ்வொரு கூடாகக் கையில் எடுத்து நிரப்புகிறார்கள், பிரஸ்ஸின் வேகத்தில் அல்ல. தன் மருந்தளவியில் எந்தக் கிளிக்குக்கு எந்த எடை என்பதை அந்த மருந்தை வைத்து முன்பே தராசில் பார்த்து வைத்திருப்பார்கள். ஒருவருடைய கிளிக் எண்ணை இன்னொருவர் தன் அளவியில் வைத்து நிரப்ப முடியாது. மைக்ரோமீட்டர் எண்ணுக்கும் அதேதான், என் நோட்டில் உள்ள எண் என் பிரஸ்ஸுக்கு மட்டும். உங்கள் கட்டுரையில் ஒருவருடைய எண்ணை அப்படியே அச்சிட்டிருந்தீர்கள், அதைத் தவிர்த்திருக்கலாம்.

தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், கட்டுரையில் அது இல்லை. மருந்து மிகக் குறைவாகவோ இல்லாமலோ போனால், பற்றவைக்கும் பிரைமரின் சக்தி மட்டும் குண்டைத் தள்ளி, அது குழலுக்குள் பாதியில் மாட்டிக்கொள்ளும். டப் என்று ஒரு மொக்கைச் சத்தம், உதையே இருக்காது. வேகச் சுற்றில் அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். இதற்கு நேர்மாறானது இரட்டை மருந்து. கால் கிராம் மருந்து .45 கூட்டின் அடியில் கொஞ்சம்தான் தெரியும், அதே கூட்டில் இரண்டாவது முறை கொட்டினாலும் வழியாது. வழிந்தால் கண்ணில் படுமே! வழியாததுதான் ஆபத்து. இந்த இரண்டு விபத்தையும் எந்த மைக்ரோமீட்டர் திருகும் தடுக்காது. திருகு சரியான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், பட்டை இரண்டு முறை கொட்டிவிடும்.

அதனால் என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். திருகை எண்ணுக்குக் கொண்டுவந்து நட்டை இறுக்கியதும் முதலில் விழும் சில அளவுகளை அப்படியே குழாயில் திரும்பக் கொட்டிவிடுவேன், மருந்து படிய வேண்டும். அப்புறம் பத்து அளவை ஒன்றாகக் கிண்ணத்தில் பிடித்து எடை போட்டுப் பத்தால் வகுப்பேன், சராசரி தெரியும். ஆனால் சராசரி மட்டும் போதாது, ஒன்று ரொம்பக் கூடியும் இன்னொன்று ரொம்பக் குறைந்தும் விழுந்து கணக்கு சரியாக வரலாம், அதனால் தனித்தனியாகவும் சிலவற்றைப் பார்ப்பேன். தராசை முதலில் எடைக்கல் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். நிரப்பும்போது நடுநடுவே ஒன்றை எடுத்து எடை பார்ப்பதும் உண்டு. பிரஸ்ஸுக்கு மேலே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண் போயே ஆக வேண்டும். மருந்து கூடியோ குறைந்தோ இருந்தால் கைப்பிடியை நிறுத்திவிடும் டை (பிரஸ்ஸில் பூட்டும் ஒரு பாகம்) ஒன்று கிடைக்கிறது, பிரஸ்ஸில் இடமிருந்தால் மைக்ரோமீட்டருக்கு முன் அதை வாங்குங்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். வேலை முடிந்ததும் குழாயில் மிச்சமிருப்பதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட வேண்டும், விட்டுவைத்தால் சில மருந்து பிளாஸ்டிக்கையே அரித்துவிடும், அதைவிட மோசம், அடுத்த முறை அது எந்த மருந்து என்பதே மறந்துபோகும்.

இதெல்லாம் செய்தும் மைக்ரோமீட்டர் எதற்கு என்றால், பழைய இடத்துக்கு அருகில் நேராகப் போய் நிற்கலாம், அலைக்கழிப்பு மிச்சம். அதோடு, எண் அதே எண், எடை மட்டும் மாறியிருக்கிறது என்றால் வேறு எங்கோ ஏதோ மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். டப்பா மாறியதா, நட் தளர்ந்ததா, பட்டை முழுதாகத் திரும்பி வரவில்லையா என்று தேடலாம். மொட்டை போல்ட்டில் அந்த எச்சரிக்கை கிடைக்கவே கிடைக்காது, எடை மாறினால் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போய்விடுவோம், காரணம் உள்ளேயே இருக்கும். என்னைக் கேட்டால் இந்த மேம்பாட்டின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது, உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட வரவில்லை.

உங்கள் நாளிதழை இங்கே இணையத்தில் படிக்கும் தமிழர்கள் உண்டு, அவர்களில் ஒருவர் புதிதாகப் பிரஸ் வாங்கி, தமிழில் படித்ததை நம்பித் தராசை எடுத்து உள்ளே வைத்துவிடக் கூடாது. ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், இரண்டு திருத்தம் போடுங்கள். திருகை மாற்றிய பிறகும் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எடை பார்த்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. அச்சிட்ட அந்த எண்ணை யாரும் தன் பிரஸ்ஸில் வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இணையப் பதிப்பில் அந்த எண்ணை இன்றைக்கே எடுத்துவிட முடியும் என்றால் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகர்