யோகா அப்புறம், முதலில் மாற்றுக்கு ஒரு டாக்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் சிறப்பு மருத்துவர்களுக்கு ஏற்பட்ட வேலைச்சோர்வு (பர்ன்அவுட்) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசியில் யோகா, மூச்சுப்பயிற்சி, குடும்பத்தோடு நேரம் என்று அடுக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கெல்லாம் நேரம் எங்கே?

நான் குன்னூர்க்காரி, ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் ஒரே ஒருவர்தான். சிசேரியனுக்கும் அவரே வரவேண்டும், மூச்சுத் திணறுகிறவருக்கு டியூப் போடவும் அவரே வரவேண்டும். லீவு கேட்டால் "உங்களை விட்டால் யார் சார்?" என்பார்கள், அதைப் பாராட்டு மாதிரியே சொல்வார்கள்.

டியூட்டி நேரத்தைவிட அவரை அரித்தது நோயாளியைக் கோவைக்கு அனுப்புவதா வேண்டாமா என்கிற முடிவுதான். அப்போது எங்கள் நீலகிரி மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியே கிடையாது, ஊட்டியில் 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போகிற ஆளை ஆம்புலன்சில் ஏற்றினால் பர்லியார் மலைப்பாதை வளைவுகளைத் தாங்குவாரா, கீழே போனால் படுக்கை கிடைக்குமா, இங்கேயே வைத்துக்கொண்டால் வென்டிலேட்டர் காலியாகுமா என்று எல்லாவற்றையும் சில நிமிடத்தில் ஒருவரே யோசித்து, வெளியே நிற்கிற மகனிடமும் போய்ச் சொல்லவேண்டும். ஒரு கட்டத்தில் அந்த டாக்டர் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார், வெறும் கட்டில் நம்பர்தான். அதற்கு முன் அவர் அப்படிப்பட்டவரே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே இந்த வேலைச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்து அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் வருகிற நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அப்படியென்றால் வைத்தியத்தை வேலையிடத்துக்குத்தானே பார்க்கவேண்டும்?

சரி, உதவி கேட்கலாமே என்பீர்கள். ஊட்டியில் மனநல டாக்டர் அறை வாசலில் இன்னொரு டாக்டர் உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் கோத்தகிரி வரை செய்தி போய்விடும். இந்தப் பயம் நம்மூரில் மட்டும் இல்லை. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் லைசென்ஸ் போய்விடுமோ என்று அவர் பயந்ததாக வீட்டார் சொன்னார்கள். 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது. இங்கே அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் நோயாளிக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுக்கிற டாக்டர் தனக்காக அதைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு மாவட்டத்து ஆலோசகர், பதிவேட்டில் பெயர் ஏறாது என்கிற உறுதி, இரண்டும் இருந்தால் ஒருவேளை பேசுவார்.

அதற்கும் முன்னால் ஆள் வேண்டும். கோவை, சென்னை கல்லூரிகளிலிருந்து மயக்க மருந்து, நெஞ்சக நோய் டாக்டர்களைச் சுழற்சி முறையில் சில வாரம் மலைக்கு அனுப்பினாலே இங்கே இருப்பவர் வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். அடுத்த தொற்று வந்தபிறகு அவசர அவசரமாக ஆர்டர் போடுவதில் பயனில்லை, பட்டியலை இப்போதே தயாராக வைத்திருக்கவேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலைமை எங்களைவிட மோசம் என்று அங்கே வேலை பார்த்த தோழிகள் சொல்வார்கள். அங்கிருந்து யாராவது எழுதினால் தயவுசெய்து சுருக்காமல் போடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
குன்னூர்