திரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்லி விற்பனை செய்யுங்கள்: தொடுதிரை மடிக்கணினி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் கொடுத்த புகாரும் அதற்கு நீங்கள் அனுப்பிய மூன்று பதில்களும் உங்கள் பதிவில் இருக்கும் என்பதால், முழுக் கதையையும் மீண்டும் எழுதவில்லை. ரூ.1,42,000 கொடுத்து வாங்கிய தொடுதிரை மடிக்கணினியில், 14ஆம் மாதத்தில், திரையின் வலப்பக்கத்தில், கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்துக்குத் தொடுவுணர்வு போய்விட்டது. ஓராண்டு வாரண்டி முடிந்துவிட்டதால், திரையை மாற்ற ரூ.56,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் ரூ.66,080 ஆகும் என்று மதிப்பீட்டுச் சீட்டு கொடுத்திருக்கிறீர்கள். வாரண்டி முடிந்ததைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. இந்த ரூ.66,080 என்ற தொகையை நான் பணம் கட்டுவதற்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. இனி வாங்குகிறவர்களுக்காவது சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இரண்டு விரல் அகலம் என்பது உங்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். நான் மதுரையில் இருந்துகொண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன்; அதாவது, நூல் அச்சாகும் முன் பிழை திருத்துகிறேன். திரையை மடக்கிச் சிலேட்டுப் பலகைபோல மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தின் வலது ஓரத்தில் பேனாவால் திருத்தங்களை எழுதுவது என் வழக்கம். ஒருநாள் 'நிலத்தைப் பிரித்து' என்ற இடத்தில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்து 'ப்' என்று எழுதினேன். எழுத்து விழுந்தது; அதன் தலையில் வைத்த புள்ளி அந்தச் செத்துப்போன பட்டைக்குள் சிக்கி விழவில்லை. நான் கவனிக்கவில்லை. பக்கம் வடிவமைத்தவர் நான் எழுதியதை அப்படியே நம்பினார். அடுத்த மெய்ப்பில் 'நிலத்தைப பிரித்து' என்று வந்து நின்றது. தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறாகிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் மேலே தள்ளி, கீழே இருப்பதைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் பேனாவை வைக்கிறேன். நாளொன்றுக்கு அறுபது பக்கம் பார்த்த இடத்தில் இப்போது நாற்பதைத் தாண்டுவதில்லை.

சேவை மையத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. "மேடம், டச் மட்டும் தனியா வராது. டிஸ்ப்ளே அசெம்ப்ளி மொத்தமா மாத்தணும்" என்றார். மேல் கண்ணாடியும் தொடுவுணரியும் காட்சிப் பலகமும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை என்பதும், அப்படி ஒட்டுவதால்தான் பேனா முனைக்கும் விழும் கோட்டுக்கும் இடையே விலகல் தெரிவதில்லை என்பதும் எனக்கும் தெரியும். அந்த நன்மைக்காகத்தானே வாங்கினேன். ஆனால் அதே ஒட்டுதலால், தொடுவுணரியில் ஒரு பகுதி கெட்டாலும் குறையில்லாத காட்சிப் பலகத்தையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. கடைசியாக அவர், "டச்சை ஆஃப் பண்ணிட்டு மவுஸ் போட்டு யூஸ் பண்ணிக்கலாம்" என்றார். தொடுதிரை வேண்டும் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்தவரிடம், உங்கள் நிறுவனத்தின் சார்பில் கடைசியில் சொல்லப்பட்ட வழி தொடுதிரையை அணைத்துவிடுங்கள் என்பதுதான்.

இதை வாங்குவதற்கு முன் நான் இரண்டு மாதம் கணக்குப் போட்டேன். முந்நூறு பக்க நூலுக்கு மூன்று மெய்ப்பு என்றால் தொள்ளாயிரம் தாள் அச்சிட வேண்டும். திரையிலேயே திருத்தினால் அந்தச் செலவும் கூரியர் செலவும் மிச்சம். ஐந்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ரூ.28,400, அது எனக்குக் கட்டுப்படியாகும் என்று முடிவெடுத்தேன். என் கணக்கு தவறில்லை. அதில் சேர வேண்டிய ஒரு தொகை எனக்குத் தெரியாமல் மறைந்திருந்தது. 14 மாதத்தோடு நின்றால் இதே கணினியின் விலை மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல். என்னுடைய பழைய, தொடுதிரை இல்லாத கணினிக்குத் திரை உடைந்தபோது, எங்கள் தெருக்கடையில் ரூ.4,500க்கு மாற்றிக்கொண்டு வந்து மேலும் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். தொடுதிரை விலை உயர்ந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதை மாற்றும் செலவு வாங்கிய விலையில் ஏறத்தாழப் பாதி என்று தெரிந்திருந்தால் நீட்டிக்கப்பட்ட வாரண்டியையாவது எடுத்திருப்பேன்.

உங்கள் விளம்பரத்தில் பேனா அழுத்தத்தை 4,096 நிலைகளில் உணரும் என்று இருக்கிறது. திரையின் ஒளிர்வு இருக்கிறது; கணினியின் எடை கிராம் பிசகாமல் இருக்கிறது. ஆனால் நினைவகம் (ரேம்) கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது என்பதுகூட விற்பனைப் பக்கத்தில் இல்லை. அதையும் சேவை மையத்தில்தான் தெரிந்துகொண்டேன். பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளை விற்கும்போது, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் காட்ட வேண்டும். அதைக் கணக்கிடும் அளவுகோல்களில் உதிரிபாகத்தின் விலையும் ஒன்று. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் விலையையும் அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குகிறவருக்குத் தந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையே தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் திரையின் விலையை அறிய அது பழுதாகும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டுமா?

மெலிதான கணினி என்றால் இப்படித்தான் என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சல் சொல்கிறது. ஆனால் 2017இல் வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் லேப்டாப்புக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்த்து, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் ஐஃபிக்சிட் பத்துக்குச் சுழியம் கொடுத்தது. 2019இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு ஐந்து கொடுத்தது. அதுவும் மெலிதான தொடுதிரைக் கணினிதான்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். உங்கள் தொடுதிரை மடிக்கணினி ஒவ்வொன்றின் விற்பனைப் பக்கத்திலும், விலைக்குப் பக்கத்திலேயே, திரை, மின்கலம், விசைப்பலகை ஆகியவற்றை மாற்ற வரி உட்பட என்ன ஆகும் என்பதையும், அந்த உதிரிகள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும் தமிழிலும் அச்சிடுங்கள். என் கணினியைப் பொறுத்தவரை, வேறு எந்தச் சேதமும் இல்லை என்று உங்கள் சேவை மையமே எழுதிக் கொடுத்திருப்பதால், திரையின் விலையில் ஒரு பகுதியையாவது நிறுவனம் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று அன்புகூர்ந்து பரிசீலியுங்கள். மதிப்பீட்டுச் சீட்டு இந்த மாதக் கடைசிவரைதான் செல்லும் என்று போட்டிருக்கிறது. அதற்குள் ஒரு பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
மதுரையிலிருந்து ஒரு மெய்ப்புத் திருத்துநர்