கூரை, சுவர் பழுதுக்குப் பணம் தேடறவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரத்து மழைக்கு நம்ம தெக்கு வீதியில ரெண்டு ஓட்டு வீட்டுச் சுவரு சரிஞ்சு போச்சு. அதுக்காகத்தான் இந்தச் சேதி.

இடிஞ்சதை அள்றதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மூணு வருசம் முந்தி நான் எல்லாத்தையும் கூட்டி வாரிட்டு மனுக் குடுத்தேன். பாக்க வந்தவரு ‘எங்கீங்க இடிஞ்சுது’ன்னு கேட்டாரு. வி.ஏ.ஓ.கிட்ட அன்னைக்கே எழுதிக் குடுங்க. அவரு அறிக்கை தாலுக்கா ஆபீசுக்குப் போனாத்தான் பேரிடர் நிவாரணம் நகரும். ஒன்றிய அரசோட 2022-26 விதிப்படி, கல்லு வீட்டுல 15 சதவீதமாவது சேதம்னா 6,500 ரூபாய், மண் வீட்டுக்கு 4,000. ஓடு மாத்தக்கூடக் காணாதுங்க, இருந்தாலும் விட்டுறாதீங்க.

அரசு முந்திக் கட்டிக் குடுத்த பழைய தொகுப்பு வீடுன்னா கதையே வேற. அதுகளைப் பழுது பார்க்கன்னே ஊரகத் திட்டம் இருக்குது, ஊராட்சி ஒன்றிய ஆபீசுல பி.டி.ஓ.வை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்க. சொந்தமாக் கட்டுன வீட்டுக்கு அது செல்லாது. இழுத்தடிச்சா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனுப் போட்டு, ரசீது வாங்காம வராதீங்க.

வாரவட்டிக்கு மட்டும் போயிறாதீங்க சாமி. கையில பொட்டுத் தங்கம் இருந்தா கூட்டுறவு சங்கத்துல நகைக் கடன் எவ்வளவோ மேல்.

ஞாயித்துக்கிழமை காலையில மாரியம்மன் கோயில் திண்ணையில உக்காந்திருப்பேன். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பாஸ்புக் ஜெராக்ஸோட வாங்க, மனு எழுதித் தர்றேன்.