புற்றுநோயாளரின் நிறையையும் கொப்பியில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளியான புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய கட்டுரை, சத்திரசிகிச்சை, மருந்தேற்றுதல், கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றை விரிவாக விளக்கியிருந்தபோதிலும், நோயாளியின் போசணை நிலை குறித்து ஒரு வரியேனும் சொல்லாமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகவே பட்டது.

வெற்றிலை போடும் பழக்கத்தைக் கடைசிவரை விடாத என் பெரியம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய் எனத் தெரியவந்தபோது அவருடைய நிறை 58 கிலோ. மூன்று மாதங்களில் அது 52 ஆனது. வருத்தக்காரர் மெலிவது வழமைதானே என்று நாங்கள் இருந்துவிட்டோம்; கிளினிக்கிலும் எவரும் பழைய நிறையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது 10 வீதத்துக்கும் மேற்பட்ட இழப்பு என்பதை நான் காலம் கடந்துதான் கணக்கிட்டேன். கணிதம் படிப்பித்தே ஓய்வுபெற்றவள் என்பதை வெட்கத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறு மாதங்களில் 5 வீதத்துக்கு மேல் நிறை குறைவதையே புற்றுநோய் மெலிவுக்கான ஓர் அளவுகோலாக 2011இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்தனர். அதற்கு வெகு முன்பே, 1980இல், அமெரிக்காவில் 3,047 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மருந்தேற்றத் தொடங்குமுன் நிறை குறைந்திருந்தோர் பெரும்பாலான புற்றுநோய்களில் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிர்வாழ்ந்ததைக் கண்டனர். வெறும் பட்டினியில் உடல் தசையை இயன்றவரை காத்துக்கொண்டு கொழுப்பையே கரைக்கிறது. புற்றுநோயிலோ அழற்சி, அதாவது நோய்க்கு எதிராக உடலில் எழும் எதிர்வினை, தசையையும் சேர்த்துக் கரைப்பதால், மருந்தின் பக்கவிளைவுகள் கடுமையாகி, அளவைக் குறைக்கவோ தவணையைத் தள்ளிப்போடவோ நேர்கிறது. பருத்த உடலினரிடம் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிற்றில் நீர் கட்டியவரிடம் தராசே ஏமாற்றிவிடும். இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைவதும் கெட்ட அறிகுறியே எனினும், அதையும் அழற்சி குறைப்பதால், சாப்பாட்டுக் குறைவை மட்டும் அது காட்டுவதாகக் கொள்ளலாகாது.

இதற்கு மேல் நம்மவரின் பத்தியம் வேறு. மீன் ஆகாது, முட்டை சூடு, தயிர் குளிர் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, வாவி மீனும் எருமைத் தயிரும் மலிந்த மட்டக்களப்பில் பெரியம்மாவுக்குக் கஞ்சித் தண்ணீரையே மிச்சம் வைத்தோம். ஐரோப்பிய போசணை வழிகாட்டலின்படி, இந்நோயாளருக்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். வாய் புண்ணானவருக்கும் முள் நீக்கி மசித்த மீன், நன்கு வேகவைத்துக் குழைத்த முட்டை, பயற்றங்கஞ்சி ஆகியவற்றை, விழுங்க முடிகிறதா என்று வைத்தியரிடம் கேட்டுக் கொடுக்கலாம். நோய் முற்றியபின் எவ்வளவு ஊட்டினாலும் கரைந்த தசை முழுமையாகத் திரும்புவதில்லை என்பதால், இதை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

நம் கைக்குழந்தைகளின் நிறையை மாதந்தோறும் வளர்ச்சிப் பதிவேட்டில் குறித்து, கோடு சரிந்தால் குடும்பநல உத்தியோகத்தர் உடனே விசாரிக்கிறார். அதே போல், புற்றுநோயாளரின் கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு வருகையிலும் நிறையையும், முதல் நாளிலிருந்து அது எத்தனை வீதம் குறைந்துள்ளது என்பதையும் எழுதி, 5 வீதத்தைத் தாண்டியவரைப் போசணை ஆலோசனைக்கு அனுப்பும்படி சுகாதார அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.